மேலே பூசினால் போதுமா?
மலைத் தோட்ட வீடுகளில் பழைய சிமெண்டுத் தரையை மாற்றுவது பற்றி



இம்மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று அறப்பணிக் குழுவினர் கேட்டபோது முதலில் தயங்கினேன். சமயப் பெரியவர்கள் எழுதும் ஏட்டில் ஒரு கட்டட மேற்பார்வையாளன் என்ன எழுதுவது? எனக்குத் தெரிந்தவை சிமெண்டு, மணல், ஜல்லி, தண்ணீர் என்ற நான்குதான். ஆயினும், தோட்டத்து முதியோரின் வீடுகளைச் செப்பனிட்டுக் கொடுக்க அன்பர்கள் பலர் நிதி வழங்க முன்வருகிறார்கள் என்று கேள்விப்பட்டபோது, நான் செய்த ஒரு தவற்றைச் சொன்னால் அது அவர்களுக்குப் பயன்படும் என்று தோன்றியது. அதனால் எழுதுகிறேன்.

பெரியம்மா வீட்டு முற்றம்

நான் பிறந்தது கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில். 1885ஆம் ஆண்டில் வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் கண்டறிந்த மலை இது. 1929இல் ரஸ்ஸல் என்பவர் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். காட்டை அழித்து, சரிவுகளில் செடி நட்டு, கொழுந்து பறித்தவர்களில் பெரும்பாலோர் தமிழகத்திலிருந்து வந்த நம் முன்னோர்கள். இன்று கொழுந்து பறிப்போரில் வெளிநாட்டுத் தொழிலாளர்களே மிகுதி. எனினும் அங்கே நம் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. அவர்களில் பலர் முதியோர்.

நான் இளவயதிலேயே கட்டட வேலைக்குப் போய்விட்டேன். 1983 முதல் 1992 வரை அரபு நாடுகளில் வேலை. பாலைவனத்து வெயிலில் பல வீடுகளின் பழைய கான்கிரீட் முற்றங்களையும் நடைபாதைகளையும் உடைத்துப் புதிதாகப் போட்டிருக்கிறேன். ஊர் திரும்பியபோது, இந்தத் தொழிலில் எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்ற எண்ணம் எனக்கு இருந்தது.

1993இல் பெரியம்மாவைப் பார்க்கப் போனேன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் கொழுந்து பறித்தவர். அப்போது மகனுடன் தோட்டத்து வீட்டில் இருந்தார். வீட்டின் அஞ்சடியும் முன்முற்றமும் வெடித்து, ஒரு பக்கம் இறங்கிக் கிடந்தன. "நிர்வாகத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறேன் தம்பி, பார்த்துச் செய்வார்கள்" என்றார் அண்ணன். நான் கேட்கவில்லை. அனுமதி வாங்கிக்கொண்டு, நான்கு மூட்டை சிமெண்டு இறக்கி, இரண்டே நாளில் பழைய தரையின் மேல் ஓர் அங்குலக் கனத்துக்குப் பூசி, இரும்புக் கரணையால் கண்ணாடிபோல் தேய்த்துவிட்டேன்.

பெரியம்மா வாசற்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவர் கேட்டார்: "மேல பூசினா போதுமாய்யா? ராத்திரியில கீழ தண்ணி ஓடுற சத்தம் எனக்குக் கேக்குதே."

"அதெல்லாம் ஒன்றுமில்லை பெரியம்மா, பேசாமல் இருங்கள்" என்றேன்.

ஆறு மாதத்தில் பூச்சில் விரிசல் கண்டது. ஓராண்டில் அப்பளம்போல் எழும்பியது. எழும்பிய இடங்களில் நீர் தங்கிப் பச்சையாகப் பாசி படர்ந்தது. 1995 டிசம்பரில் ஒரு காலைப் பொழுது, குளிர்நீர்க் குடத்துடன் இறங்கிய பெரியம்மா நான் தேய்த்துவிட்ட அந்த வழவழப்பிலேயே வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. மலையிலிருந்து வளைவு வளைவான பாதையில் கீழே ஈப்போ மருத்துவமனைக்குக் கொண்டுபோகும்வரை அவர் முனகிய சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. அவர் என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை.

கான்கிரீட் ஏன் கெடுகிறது?

கான்கிரீட் காய்ந்து இறுகுவதில்லை. பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். சிமெண்டும் தண்ணீரும் இரசாயன முறையில் சேர்ந்து, கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய படிகங்கள் வளர்ந்து, மணலையும் ஜல்லியையும் பிணைப்பதால்தான் அது இறுகுகிறது. அதற்கு நாட்கள் ஆகும். ஏழு நாளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு வலிமை வரும். கணக்குக்குரிய வலிமையை 28 நாளில் பார்ப்பது வழக்கம். அந்த நாட்களில் ஈரம் போய்விட்டால் வளர்ச்சி பாதியில் நின்றுவிடும்.

பாலைவனத்தில் தொல்லை இதுதான். கோடையில் வெயில் 45 பாகைக்கு மேல் ஏறும். காற்றோ அனலாக வீசும். ஒரு சதுர மீட்டர் பரப்பிலிருந்து ஒரு மணி நேரத்தில் ஒரு கிலோ தண்ணீர் ஆவியாகும் நிலை வந்தால், போட்ட அன்றே மேற்பரப்பு சுருங்கி வெடிக்கும். ஆகவே அங்கே இரவில் கான்கிரீட் போடுவோம். கலக்கும் தண்ணீரில் பனிக்கட்டி சேர்ப்போம். போட்டு முடித்ததும் ஈரச் சாக்கு விரித்து, அதன்மேல் பிளாஸ்டிக் தாள் மூடி, ஏழு நாளாவது காவல் இருப்போம். மண்ணில் உள்ள உப்பும் அங்கே ஒரு பகை. அது உள்ளே ஏறிச் சிமெண்டைத் தின்னும், கம்பியைத் துருப்பிடிக்கச் செய்யும். துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்பது. அந்த அழுத்தத்தில் கான்கிரீட் பிளந்துவிடும்.

கேமரன் மலையில் நிலைமை நேர்மாறு. பகலில் 25 பாகையைத் தாண்டுவது அரிது. 1978 பிப்ரவரி முதல் நாளில் 7.8 பாகை வரை இறங்கியது. நம் நாட்டில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை அதுவே. ஆண்டுக்கு 2500 மில்லிமீட்டருக்கு மேல் மழை. அங்கே ஈரத்துக்குப் பஞ்சமில்லை. கெடுப்பதே ஈரம்தான். அது மூன்று வழியில் கெடுக்கிறது.

முதலாவது, கீழிருந்து. சரிவில் பெய்யும் மழை மண்ணுக்குள் இறங்கி, வீட்டின் பின்புறமிருந்து தரையின் அடியில் ஓடுகிறது. ஓடும்போது மண்ணை அரித்துச் செல்கிறது. அடியில் பள்ளம் விழுந்த தரை பாரம் தாங்காமல் இறங்கி உடைகிறது.

இரண்டாவது, மேலிருந்து. மழை நீரும் மலை ஓடை நீரும் உப்புச் சத்தில்லாத மென்னீர். தேயிலைக்கு ஏற்ற மண்ணோ புளிப்புத் தன்மை உடையது. கான்கிரீட்டில் இருக்கும் சுண்ணாம்புச் சத்தை இத்தகைய நீர் மெல்ல மெல்லக் கரைத்துக்கொண்டு போகிறது. பழைய முற்றங்களில் மேற்பூச்சு போய் ஜல்லி பல்லைக் காட்டுவது இதனால்தான்.

மூன்றாவது, பாசி. நிழலும் ஈரமும் உள்ள இடத்தில் அது வளர்ந்து ஈரத்தைப் பிடித்துவைக்கிறது. வழுக்கலும் அதனால்தான்.

ஆகப் பாலைவனத்துக்கும் மலைக்கும் விதி ஒன்றே. இறுகும் நாட்களில் கான்கிரீட்டுக்குள் தண்ணீர் நிற்க வேண்டும். அதன்பிறகு அதன் மேலும் கீழும் தண்ணீர் நிற்கக் கூடாது. பாலைவனத்தில் முதற்பாதி கடினம், மலையில் இரண்டாம் பாதி கடினம். நான் முதற்பாதியை மட்டும் படித்துவிட்டு வந்திருந்தேன்.

நம் முன்னோர் இதை அறியாதவர்கள் அல்லர். சுண்ணாம்புடன் கடுக்காய் ஊறிய நீரும் வெல்லமும் சேர்த்து அரைத்துக் கட்டிய காலத்திலும் அவசரப்படாமல் நாட்கணக்கில் பொறுத்திருந்தார்கள். கோயில் மதிலுக்குள் விழும் மழைநீர் போக வழி வைத்த பிறகே தளம் பாவினார்கள்.

உடைத்தபோது கண்டது

1996 ஜனவரியில் விடுப்பு எடுத்துக்கொண்டு மலைக்குப் போனேன். கேமரன் மலையில் ஜனவரி, பிப்ரவரி மாதங்களில்தான் மழை குறைவு. இத்தகைய வேலைக்கு அதுவே தக்க காலம்.

முதலில் இரும்புக் கம்பியால் தரை முழுவதும் தட்டிப் பார்த்தேன். கெட்டியான தரை 'கிண்' என்று ஒலிக்கும். அடியில் வெற்றிடம் இருந்தால் 'டொப்' என்று கேட்கும். முற்றத்தில் பாதிக்கு மேல் 'டொப்'. உடைத்துப் பார்த்தால், என் முழங்கை வரை நுழையும் பள்ளம். அதன் அடியில், மழையில்லாத அந்த மாதத்திலும், சின்ன நீரோட்டம் ஒன்று சலசலத்துக்கொண்டிருந்தது. பெரியம்மா இரவில் கேட்ட சத்தம் அதுதான்.

இருபது அடி நீளம், பத்து அடி அகலம், நான்கு அங்குலக் கனமுள்ள ஒரு முற்றம் நாலரை டன் எடையுள்ளது. அவ்வளவு பாரமும் வெறும் பள்ளத்தின் மேல் நின்றிருக்கிறது. அதன் தலைமேல் நான் ஒரு பூச்சும் பூசியிருக்கிறேன்.

இது ஒரு வீட்டு முற்றத்துச் செய்தி மட்டும் அன்று. 1993 டிசம்பர் 11ஆம் நாள் உலு கிள்ளானில் ஹைலண்ட் டவர்ஸ் அடுக்குமாடி சாய்ந்து 48 பேர் மாண்டதை நம்மில் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பின்புறச் சரிவில் நீர் வடிகால் சரியாக இல்லாதது அந்த நிலச்சரிவுக்கு முக்கியக் காரணங்களுள் ஒன்று. 2013 அக்டோபரில் கேமரன் மலையின் பெர்த்தாம் பள்ளத்தாக்கில் சேற்று வெள்ளம் உயிர்களைக் கொண்டுபோனது. மலையில் தண்ணீருக்கு வழி விடாவிட்டால் அது தானே வழி தேடிக்கொள்ளும். சிறிய முற்றத்துக்கும் பெரிய மாடிக்கும் பாடம் ஒன்றுதான்.

மாற்றும் முறை

அந்த முற்றத்தை நாங்கள் மாற்றிய முறையை வரிசையாகக் கூறுகிறேன். தோட்ட நிர்வாகத்திடம் முறையாக எழுதிக் கொடுத்து அனுமதி பெற்ற பின்னரே தொடங்கினோம்.

1. வாய்க்கால் முதலில். வீட்டின் பின்புறம், சரிவின் அடியில், இரண்டடி ஆழத்துக்கு வாய்க்கால் வெட்டி, துளையிட்ட குழாய் பதித்து, சுற்றிலும் பெரிய ஜல்லி நிரப்பி, நீரைப் பக்கவாட்டில் பெரிய லோங்காங்கில் சேர்த்தோம். கூரைத் தண்ணீர் முற்றத்தில் விழாதபடி தகரப் பீலி கட்டினோம். மொத்தச் செலவில் பாதி இதற்கே போயிற்று. இரண்டு நாளில் பள்ளத்தின் அடியில் ஓடிய நீர் வற்றியது.

2. அடித்தளம். நனைந்த கறுப்பு மண்ணை முழுவதும் அள்ளி எறிந்துவிட்டுக் கெட்டி மண் வரும்வரை தோண்டினோம். அதன்மேல் உடைகல் நான்கு அங்குலக் கனத்துக்கு இட்டு, இரண்டு தட்டாகத் திமிசு போட்டு இறுக்கினோம். பழைய கான்கிரீட் துண்டுகளையும் சிறிதாக உடைத்து அடியில் சேர்த்தோம்.

3. வாட்டம். தண்ணீர் வீட்டை விட்டு வெளியே ஓட வேண்டும். ஓர் அடிக்குக் கால் அங்குலம் தாழ்வு வைத்தால் போதும். நடக்கும்போது தெரியாது, தண்ணீருக்குத் தெரியும்.

4. கலவை. சிமெண்டு ஒன்று, மணல் ஒன்றரை, ஜல்லி மூன்று. இந்த முற்றத்துக்குச் சுமார் 15 மூட்டை சிமெண்டு ஆயிற்று. 50 கிலோ மூட்டைக்கு 25 லிட்டர் தண்ணீருக்கு மேல் கூடாது. அதிலும் மலையில் மணல் எப்போதும் ஈரமாக இருக்கும், அந்த ஈரத்தையும் கணக்கில் கழிக்க வேண்டும். வேலை சுலபமாகட்டும் என்று கலவையில் ஒரு வாளி நீரைக் கூட ஊற்றுவது வழக்கம். அந்த மிகை நீர் ஆவியாகிப் போன இடமெல்லாம் நுண்துளைகள் ஆகும். மழை நுழையும் வாசல் அதுவே.

5. கம்பி வலை. பி.ஆர்.சி. வலையைத் தரையில் போட்டு அதன்மேல் கலவையைக் கொட்டுவோர் உண்டு. அது வீண். அடியில் சிறு சிமெண்டுக் கட்டைகள் வைத்து வலையை உயர்த்தி, கான்கிரீட்டின் நடுப்பகுதிக்குச் சற்று மேலே நிறுத்த வேண்டும். கம்பியின் மேல் குறைந்தது ஒன்றரை அங்குலம் கான்கிரீட் இருக்க வேண்டும்.

6. இணைப்பு வெட்டு. கான்கிரீட் சுருங்காமல் இராது, வெடிக்காமலும் இராது. எங்கே வெடிக்க வேண்டும் என்பதை நாமே முடிவு செய்ய வேண்டும். நான்கு அங்குலத் தரைக்கு எட்டு முதல் பத்து அடிக்கு ஒன்றாக, ஓர் அங்குல ஆழத்துக்குக் கோடு வெட்டிவிட்டால், விரிசல் அந்தக் கோட்டுக்குள் ஒளிந்துகொள்ளும்.

7. மேற்பரப்பு. குளிரில் கான்கிரீட் மெதுவாக இறுகும். மேலே கசியும் நீர் வற்ற நேரமாகும். அவசரப்பட்டு உலர்ந்த சிமெண்டைத் தூவி நீரை உறிஞ்சச் செய்தால், மேலே பலமற்ற தோல் ஒன்று உண்டாகிப் பிறகு உரிந்துவிடும். காத்திருந்து, மரக்கட்டையால் மட்டும் தேய்த்து, ஈர்க்குத் துடைப்பத்தால் நடக்கும் திசைக்குக் குறுக்கே இழுத்துவிட்டோம். அந்தச் சொரசொரப்புத்தான் முதியவர் காலைப் பிடிக்கும். படிகள் அனைத்தையும் ஒரே உயரமாக வைத்தோம்.

8. ஈரக் காப்பு. மழை பெய்கிறதே, சாக்கு எதற்கு என்று அண்ணன் கேட்டார். முதல் நாள் இரவு மழை அடித்தால் மேற்பரப்பு கரையும். பகலில் மலைக்காற்று வீசினால் ஈரம் போகும். இரண்டுக்கும் பிளாஸ்டிக் தாளும் ஈரச் சாக்கும் வேண்டும். குளிரானதால் ஏழு நாளுக்குப் பதில் பத்து நாள் மூடிவைத்தோம். அரபு நாட்டில் நான் கற்றது அந்த இடத்தில் பயன்பட்டது.

பெரியம்மா மருத்துவமனையிலிருந்து திரும்பியபோது சாக்கை எடுத்திருந்தோம். கைத்தடியை ஊன்றி முற்றத்தின் நடுவில் நின்று சற்று நேரம் காதைக் கொடுத்துக் கேட்டார். "சத்தம் நின்னுபோச்சுய்யா" என்றார். அதன்பின் ஒன்பது ஆண்டுகள் அந்த முற்றத்தில்தான் காலை வெயில் காய்ந்தார். முற்றம் இன்றும் அப்படியே இருக்கிறது. ஆண்டுக்கு இருமுறை பாசியைத் தேய்த்துக் கழுவுவதும், வாய்க்காலில் விழும் சருகை அள்ளுவதும்தான் செலவு. பாசியைப் போக்க அமிலம் ஊற்றாதீர்கள். அது பாசியோடு சுண்ணாம்பையும் கரைக்கும்.

நிதி வழங்கும் அன்பர்களுக்கு

ஒரு வீட்டின் தரையை மாற்ற உதவ விரும்பினால், காசோலை எழுதுமுன் மூன்று கேள்விகள் கேளுங்கள்.

வீடு யாருடையது? தோட்டத்து வீடாயின், அதில் குடியிருக்கும் தொழிலாளிக்கு நல்ல நிலையில் வீடு தருவது முதலாளியின் பொறுப்பு. 1990ஆம் ஆண்டுச் சட்டம் 446 அதைச் சொல்கிறது. ஆகவே நிர்வாகத்திடம் எழுத்தில் கேட்பது முதற்படி. நம் நிதி, வேலை ஓய்வு பெற்றுத் தனியே நிற்கும் முதியோருக்கும், சொந்த வீட்டைப் பழுதுபார்க்க வழியில்லாதோருக்கும் போய்ச் சேரட்டும்.

விரிசல் எப்படிப்பட்டது? மேலே மயிரிழைபோல் வலைபின்னிக் கிடந்தால், அது தோலின் நோய். உடைக்க வேண்டியதில்லை. ஒரு பக்கம் இறங்கியிருந்தால் அடியில் மண் போயிற்று என்று பொருள், மேலே பூசிப் பயனில்லை. விரிசலில் துரு நிறம் கசிந்தால் கம்பி கெட்டுவிட்டது.

தண்ணீர் எங்கே போகிறது? இதுவே முக்கியமான கேள்வி. மழை பெய்யும்போது ஒருவர் போய் நின்று பார்க்க வேண்டும். செலவுப் பட்டியலில் வாய்க்கால் என்ற வரி இல்லையென்றால், அந்தப் பட்டியலைத் திருப்பி அனுப்புங்கள்.

இறுதியாக ஒன்று. புதிய தரையின் ஓரத்தில் உபயதாரர் பெயரைச் சலவைக்கல்லில் பதிப்பது நம் வழக்கம். அதில் தவறில்லை. ஆனால் மண்ணுக்குள் புதைந்து கிடக்கும் குழாயில் எவர் பெயரையும் பொறிக்க முடியாது. புகைப்படத்திலும் அது வராது. அதனாலேயே அதற்குக் கொடுக்க ஆள் கிடைப்பதில்லை. அந்தக் குழாய்தான் ஒரு மூதாட்டி விழாமல் காக்கிறது. அன்பர்கள் இவ்வாண்டு அந்த வாய்க்காலுக்கும் ஒரு பங்கு ஒதுக்க வேண்டும் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

அந்த வீட்டில் வாழ்கிறவர்களின் பேச்சையும் காது கொடுத்துக் கேளுங்கள். பெரியம்மா எழுதப் படிக்கத் தெரியாதவர். ஆனால் தரையின் நோய் என்ன என்பதை என்னைவிட இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே சொன்னவர் அவர்தான்.